புதிய உறுப்பினரின் முதல் 197 நாட்கள்: ஜனாஸா, வாக்கு, கடல் கடந்த உழைப்பு

குடியியற் கல்வியில் சட்டவாக்கத்துறை பற்றிப் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், ஒரு எம்.பி. தனிய நின்டு என்ன செய்யலாம்?" பாடநூலில் இதற்கு நாலு வரி விடை இருக்கிறது. சட்டம் ஆக்குவார், நிதியைக் கட்டுப்படுத்துவார், நிறைவேற்றுத்துறையிடம் கேள்வி கேட்பார், மக்களைப் பிரதிநிதித்துவம் செய்வார். பிள்ளைகள் அதை எழுதிக்கொள்வார்கள், பரீட்சையிலும் எழுதுவார்கள். கேட்ட பிள்ளைக்கு மட்டும் விடை கிடைத்திருக்காது. 225 பேர் இருக்கும் சபையில், எதிர்க்கட்சி வரிசையில், பத்து ஆசனம் மட்டுமே உள்ள ஒரு கட்சியில் இருந்துகொண்டு ஒருவர் என்னதான் செய்துவிட முடியும்?

இதற்கு விடை சொல்ல நமது மாவட்டத்திலேயே அண்மைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 2020 ஓகஸ்ட் 5 ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் மட்டக்களப்பிலிருந்து இலங்கைத் தமிழரசுக் கட்சியின் சார்பில் முதன்முறையாகத் தெரிவான இராசமாணிக்கம் சாணக்கியன். புதிய பாராளுமன்றம் ஓகஸ்ட் 20 இல் கூடியது. அன்றிலிருந்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் கொவிட் ஜனாஸாக்களின் நல்லடக்கம் தொடங்கிய 2021 மார்ச் 5 வரை எண்ணிப் பார்த்தால் 197 நாட்கள். அந்த நாட்களில் அவர் என்ன செய்தார், அதனால் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பதை ஓர் ஆசிரியனாக எழுதிப் பார்க்கிறேன். நான் அவருடைய கட்சிக்காரன் அல்ல. அவருக்கு வாக்களித்தவனும் அல்ல. நான் காங்கேயனோடைப் பக்கத்து ஆள், படிப்பிப்பது ஆரையம்பதியில். காலையில் ஒரு சமூகத்துக்குள்ளிருந்து புறப்பட்டு, பத்து நிமிடத்தில் இன்னொரு சமூகத்துக்குள் போய் இறங்கி, மத்தியானம் திரும்புகிறவன்.

முதலில் அவர் எப்படி வந்தார் என்பதைப் பார்ப்போம். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஐந்து ஆசனங்கள். விகிதாசார முறையில் அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம். ஐந்து வீதத்துக்குக் குறைந்த கட்சிகளைக் கழித்துவிட்டு, மீதி வாக்குகளை நான்கால் வகுத்து எஞ்சிய நான்கு ஆசனங்களைப் பங்கிடுவார்கள். 2020 இல் தமிழரசுக் கட்சி 79,460 வாக்குகள் பெற்று இரண்டு ஆசனங்களை எடுத்தது. தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி 67,692 வாக்குகளுக்கு ஓர் ஆசனம். முஸ்லிம் காங்கிரஸ் 34,428 வாக்குகளுக்கு ஓர் ஆசனம். பொதுஜன பெரமுன 33,424 வாக்குகளுக்கு ஓர் ஆசனம். போனஸ் ஆசனத்தின் பலம் என்ன என்பது இந்தக் கணக்கில் தெரியும். அதே கணக்கில்தான் காத்தான்குடி தன் பிரதிநிதியை இழந்தது. முஸ்லிம் வாக்குகள் பல பட்டியல்களில் பிரிந்து, மாவட்டத்தின் ஒரே முஸ்லிம் ஆசனம் ஏறாவூருக்குப் போனது. நாட்டிலேயே நெருக்கமாக முஸ்லிம்கள் வாழும் ஊர்களில் ஒன்று, அதன் வரலாற்றின் மிகக் கசப்பான சுகாதாரப் பிரச்சினை வந்த காலத்தில் பாராளுமன்றத்தில் தனக்கென ஒரு குரல் இல்லாமல் இருந்தது. இதைச் சரியாக விளங்கிக்கொண்டால்தான் அடுத்து நடந்தவற்றின் கனம் தெரியும்.

சாணக்கியன் அரசியலுக்குப் புதியவர் அல்ல. முன்னர் சுதந்திரக் கட்சியின் பக்கம் நின்று, 2015 இல் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பில் போட்டியிட்டுத் தோற்றவர். இதைச் சொல்லி அவரை இன்றும் குத்துபவர்கள் தமிழ்த் தரப்பிலேயே இருக்கிறார்கள். மறுபக்கம், அவருடைய பாட்டனார் சீ.மூ. இராசமாணிக்கம் பட்டிருப்புத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் தமிழரசுக் கட்சியின் தலைவராகவும் இருந்தவர். அந்தக் கட்சி பிறந்ததே வாக்குரிமை, குடியுரிமைப் பிரச்சினையில்தான் என்பதை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வந்தது இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். அதன் பெயரையே பாருங்கள்: பாகிஸ்தானியர் என்ற சொல்லும் அதில் இருக்கிறது. தலைமுறைகளாகக் கொழும்பிலும் கரையோர ஊர்களிலும் வியாபாரம் செய்த, நாம் கரையோர முஸ்லிம்கள் என்று அழைத்த மக்களும் அந்த வலைக்குள் அகப்பட்டார்கள். 1949 இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்குரிமையையும் பிரஜைகளுக்கு மட்டும் என்றாக்கினார்கள். இந்தச் சட்டங்களைப் பற்றிய நிலைப்பாட்டில் தமிழ்க் காங்கிரஸ் உடைந்தது. பிரிந்து வந்தவர்கள் 1949 டிசம்பர் 18 இல் தொடங்கியதுதான் தமிழரசுக் கட்சி. யாருக்கு வாக்கு உண்டு, யார் இந்த நாட்டுக்காரர் என்ற கேள்வி அந்தக் கட்சியின் தொப்புள் கொடி.

இனி ஜனாஸா விடயம்.

2020 மார்ச் 24 இல் உலக சுகாதார நிறுவனம் கொவிட் உடல்களை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று வழிகாட்டல் வெளியிட்டது. அந்த மாத இறுதியிலேயே முதலாவது முஸ்லிம் ஜனாஸா இங்கே எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11 இல் 2170/8 இலக்க விசேட வர்த்தமானி வந்தது. 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சர் ஆக்கிய ஒழுங்குவிதி அது. 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் எரிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

இந்த இடத்தில்தான் என் மாணவனின் கேள்விக்கு உயிர் வருகிறது. நாட்டின் பத்தில் ஒரு பங்கு மக்களின் இறுதிக் கடமையை மாற்றிய இந்த விதிக்கு, பாராளுமன்றத்தில் சட்டமூலமோ மூன்று மதிப்பீடுகளோ விவாதமோ தேவைப்படவில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டளைச் சட்டம் ஒன்று அமைச்சருக்குக் கொடுத்த அதிகாரத்தில் ஒரு கையொப்பம் போதுமாக இருந்தது. அந்த நேரம் பாராளுமன்றம் கலைக்கப்பட்டும் இருந்தது. அதாவது பாடநூல் சொல்லும் "சட்டத்தை ஆக்குவது பாராளுமன்றம்" என்ற வரி பாதி உண்மை. மீதிப் பாதி, பாராளுமன்றம் முன்னொரு காலத்தில் அல்லது அதற்கும் முன்னிருந்த ஒரு சபை கொடுத்துவிட்ட அதிகாரத்தில் அமைச்சர்கள் ஆக்குகிறார்கள். அப்படிப்பட்ட விதியை எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரால் வாக்களித்துத் தோற்கடிக்க முடியாது, பேசத்தான் முடியும்.

பேசினார்கள். ரவூப் ஹக்கீம் பேசினார், முஜிபுர் ரஹ்மான் பேசினார், மரிக்கார் பேசினார். அதை மறந்துவிட்டுச் சாணக்கியன் ஒருவர்தான் பேசினார் என்று முகநூலில் எழுதுவது அநியாயம். ஆனால் 2020 இன் கடைசி மாதங்களில் அவர் சபையில் எழுந்து ஜனாஸா எரிப்பைக் கண்டித்தபோது அதன் நிறம் வேறாக இருந்தது. ஏன் என்று சொல்ல, நான் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

2019 ஏப்ரல் 21. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள், அவர்களில் பலர் சிறு பிள்ளைகள். அந்தத் தாக்குதல்களின் சூத்திரதாரி எங்கள் பக்கத்து ஊரில் பிறந்தவன். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் முஸ்லிம் கடைகளில் சாமான் வாங்காதே என்ற பேச்சு எங்கும் இருந்தது. நான் படிப்பிக்கும் பாடசாலையின் ஆசிரியர் அறையில் எனக்கு யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நான் உள்ளே போனால் கதை நின்றுவிடும். அதைவிட ஒரு வசைச்சொல் மேல் என்று சில நாள் நினைத்திருக்கிறேன். அதற்கும் முன்னே 1990 இருக்கிறது. அந்த ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டில் இரு பக்கத்திலும் அப்பாவிகள் கொல்லப்பட்டார்கள், ஆரையம்பதியும் அழுதது. நான் அப்போது பத்து வயதைத் தாண்டியவன். எல்லை வேலிக்கு இந்தப் பக்கம் எது, அந்தப் பக்கம் எது என்று அந்த வயதில் மனப்பாடமாகிவிட்டது.

இந்த மண்ணிலிருந்து, சீயோனில் பிள்ளைகளை இழந்த அதே நகரத்தின் தமிழ் வாக்காளர்களின் வாக்கில் தெரிவாகி, அது நடந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரத்தில், முப்பது வயதான ஒரு புதிய உறுப்பினர் முஸ்லிம் ஜனாஸாக்களுக்காக எழுந்து நின்றார். விருப்பு வாக்கு முறையில் இது லாபமான வேலை அல்ல. தமிழரசுக் கட்சிப் பட்டியலுக்குள் அவருடன் போட்டி போடுபவர்கள் அதே தமிழ் வாக்குகளைத்தான் கேட்கிறார்கள். முஸ்லிம்களுக்காகப் பேசினால் அங்கே ஒரு வாக்குக் கூடாது, நாலு குறையலாம். முஸ்லிம் வாக்காளர் ஒருவர் தமிழரசுக் கட்சிக்கு வாக்களித்து அவருக்கு விருப்பு இலக்கம் போடத் தடையில்லை. ஆனால் எத்தனை பேர் போடுவோம் என்பது நமக்கே தெரியும்.

அந்தப் பேச்சின் காணொளி பரவிய நாட்களில் ஒரு நாள், இடைவேளையில் சக ஆசிரியர் ஒருவர் தன் தொலைபேசியை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். தமிழர், என்னைவிட மூத்தவர், ஈஸ்டருக்குப் பிறகு என்னோடு அளந்து பேசியவர். "சேர், இதக் கேட்டுப் பாருங்க. நம்மட ஆள் உங்கட விசயத்தப் பேசியிருக்கார்" என்றார். நான் ஏற்கனவே மூன்று முறை கேட்டிருந்தேன். கேட்காதவன் போல முழுவதையும் அவரோடு சேர்ந்து கேட்டேன். முடிந்ததும் அவர் மெதுவாக, "உங்கட ஆக்கள்ற மையத்தை எரிக்கிறது சரியில்ல சேர், அது பாவம்" என்றார். பதினெட்டு மாதமாக அந்த அறையில் யாரும் எடுக்காத கதை அது.

ஆனால் ஓர் ஆசிரியன் விடையின் எல்லா வரிகளையும் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு எரிப்பை நிறுத்தவில்லை. 2020 டிசம்பர் 1 இல் உயர் நீதிமன்றம் எரிப்புக்கு எதிரான அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்க அனுமதி மறுத்தது. சில நாட்களில், பிறந்து 20 நாளான ஒரு குழந்தை எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயானத்தின் வாயிலில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். என் நண்பர் ஒருவரின் வாப்பா அந்த டிசம்பரில் கொழும்பில் வபாத்தானார். பெட்டிக்குப் பணம் கேட்டார்கள். நண்பர் முதலில் கொடுக்க மறுத்தார், பிறகு கொடுத்தார், பிறகு ஏன் கொடுத்தேன் என்று இன்றும் கேட்கிறார். அவருக்கு நான் இதுவரை எந்தப் பதிலும் சொன்னதில்லை. அந்த மாத இறுதியிலும் ஜனவரியிலும் நாட்டின் சமுதாய மருத்துவ நிபுணர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவ சங்கமும் அடக்கம் செய்வதால் ஆபத்து இல்லை என்று சொல்லியும் விதி மாறவில்லை.

2021 பெப்ரவரி 3 ஆம் திகதி பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரையான பேரணி புறப்பட்டது. அந்தப் பேரணியின் கோரிக்கைகளில் காணி அபகரிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், மலையகத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய் சம்பளம் என்பவற்றோடு ஜனாஸா எரிப்பை நிறுத்துவதும் இருந்தது. சாணக்கியன் அதில் முன்னே நடந்தவர்களில் ஒருவர். கல்முனையிலும் காத்தான்குடியிலும் முஸ்லிம்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். தமிழர் பேரணி ஒன்று காத்தான்குடி பிரதான வீதியால் போவதையும் நம்மவர்கள் தண்ணீர்ப் போத்தலோடு நிற்பதையும் நான் பார்ப்பேன் என்று 1990 இன் பிள்ளையாக இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பெப்ரவரி 10 இல் மரிக்காரின் கேள்விக்குப் பதிலளித்த அப்போதைய பிரதமர் அடக்கத்துக்கு அனுமதி வழங்கப்படும் என்றார். அடுத்த நாளே அது நிபுணர் குழுவின் வேலை என்று அரசாங்கத் தரப்பு பின்வாங்கியது. பெப்ரவரி 23, 24 இல் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து போனார். ஜெனிவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்தது, அங்கே முஸ்லிம் நாடுகளின் வாக்கு அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது. பெப்ரவரி 25 ஆம் திகதியிட்ட வர்த்தமானி அடக்கத்தை அனுமதித்தது. காரணம் எது என்று கேட்டால், இந்தத் திகதிகளை வரிசையாகக் கரும்பலகையில் எழுதி பிள்ளைகளையே சொல்ல விடுவேன்.

அதற்குப் பிறகும் ஒரு கெடுபிடி. முதலில் கிளிநொச்சிப் பக்கம் இரணைதீவைத் தெரிவுசெய்தார்கள். போருக்குப் பின் பெரும்பாடுபட்டுத் தங்கள் மண்ணுக்குத் திரும்பிய அந்த மீனவக் குடும்பங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஒரு சிறுபான்மையின் கபுறை இன்னொரு சிறுபான்மையின் வாசலில் வெட்டச் சொன்னவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும். கடைசியில் ஓட்டமாவடி இடம் கொடுத்தது. மார்ச் 5 முதல் இராணுவப் பாதுகாப்புடன் நாடு முழுவதிலுமிருந்து உடல்கள் மஜ்மா நகருக்கு வந்தன. 3,600 க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், ஆனால் பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் நூற்றுக்கணக்கில் அங்கே இருக்கிறார்கள். 2022 மார்ச்சில்தான் சொந்த ஊர் மையவாடிகளில் அடக்கும் நிலை திரும்பியது. நீர்நிலைகளில் நடத்திய ஆய்வுகள் அடக்கத்தால் நோய் பரவவில்லை என்று காட்டியதை மேற்கோள் காட்டி, 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

வாக்கு விடயத்துக்கு வருகிறேன். சாணக்கியன் உறுப்பினரான இரண்டே மாதத்தில், 2020 ஒக்டோபர் 22 இல், அரசியலமைப்பின் 20 ஆம் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. 156 வாக்குகளால் நிறைவேறியது. தமிழரசுக் கட்சி எதிர்த்து வாக்களித்தது. எதிர்க்கட்சியில் தெரிவான முஸ்லிம் உறுப்பினர்கள் பலர், எமது மாவட்டத்தின் ஒரே முஸ்லிம் உறுப்பினர் உட்பட, ஆதரித்து வாக்களித்தார்கள். ஜனாஸா எரிந்துகொண்டிருந்த காலத்தில் எரிப்பவர்களுக்கு மூன்றில் இரண்டு கொடுத்தார்கள் என்ற கோபம் நம் வீடுகளில் இருந்தது. சாணக்கியன் அதைச் சபையிலும் வெளியிலும் சொல்லிக் காட்டினார். அது நம் காயத்தில் உப்பாகவும் இருந்தது. ஒரு தமிழ் உறுப்பினர் நம் உறுப்பினர்களைக் கண்டிக்க, அதற்கு நாம் கைதட்ட, அந்தக் கைதட்டலில் கொஞ்சம் வெட்கமும் கலந்திருந்தது. நமது உறுப்பினர் பின்னர் கட்சி முடிவை மீறி வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்களித்ததற்காகக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தைச் சரி என்று சொன்னதால் ஆசனத்தையும் இழந்தார். கிழக்கு மாகாண சபையில் அதே நசீர் அஹமட் 2015 இல் முதலமைச்சரானது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் ஆதரவோடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினொரு ஆசனம் வைத்திருந்த கூட்டமைப்பு ஏழு ஆசனம் வைத்திருந்த முஸ்லிம் காங்கிரஸுக்கு முதலமைச்சரை விட்டுக்கொடுத்தது. இதைப் பற்றி நம்மிடையே போதுமான அளவு பேசப்பட்டதில்லை.

அந்த மாகாண சபைக்கு 2012 செப்டம்பர் 8 இல் தேர்தல் நடந்தது. 2017 செப்டம்பரில் காலம் முடிந்தது. அன்றிலிருந்து தேர்தல் இல்லை. 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் முறையை மாற்றியது. புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் ஒருவர்கூட ஆதரிக்காமல் நிராகரித்தது, கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது, புதிய முறை செயற்படாது. இப்படி ஒரு சட்டத்தின் ஓட்டைக்குள் ஒரு மாகாணத்தின் வாக்குரிமை விழுந்து கிடக்கிறது. பழைய விகிதாசார முறையிலேயே தேர்தலை நடத்த வழிசெய்யும் தனிநபர் சட்டமூலத்தைப் பின்னாளில் சாணக்கியன் கொண்டுவந்தார். தனிநபர் சட்டமூலம் என்பது எதிர்க்கட்சி உறுப்பினரின் கையில் இருக்கும் அரிதான ஆயுதம். நிறைவேறுவது அபூர்வம். ஆனால் அரசாங்கம் "முடியாது" என்று சொல்லும் இடத்தில் "இதோ எழுதியே வைத்திருக்கிறேன்" என்று மேசையில் வைக்கலாம்.

நம் மாவட்டத்துக்கு இது புதிய மரபு அல்ல. 1943 இடைத்தேர்தலில் அரசாங்க சபைக்குத் தெரிவான வ. நல்லையா, அடுத்த ஆண்டே, சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கும் ஜே.ஆர். ஜயவர்தனவின் பிரேரணைக்குத் தமிழையும் சேர்க்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். சபை அதை ஏற்றுக்கொண்டது. 1956 அதைக் காற்றில் பறக்கவிட்டது வேறு கதை. ஒரு புதிய உறுப்பினரின் ஒரு வரித் திருத்தம் அது.

20 ஆம் திருத்தத்தில் நம்மவர்கள் அதிகம் கவனிக்காத ஒரு பிரிவு இருந்தது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்கள் பாராளுமன்றம் வரவும் ஜனாதிபதியாகவும் இருந்த தடையை அது நீக்கியது. 2022 ஒக்டோபரின் 21 ஆம் திருத்தம் அந்தத் தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆக, இரண்டு வருட காலம் அமெரிக்கக் கடவுச்சீட்டோடு ஒருவர் இந்த நாட்டின் சட்டங்களுக்கு வாக்களிக்கலாம் என்ற நிலை இருந்தது. அதே இரண்டு வருடமும், அதற்கு முன்னும் பின்னும், இலங்கைக் கடவுச்சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு ரியாதிலோ குவைத்திலோ வீட்டு வேலை செய்யும் நம் சகோதரி ஒரு சாதாரணத் தேர்தலில்கூட வாக்களிக்க முடியாது. தபால் வாக்கு தேர்தல் கடமையில் உள்ளவர்களுக்கும் அது போன்ற அரச ஊழியர்களுக்கும்தான். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க எந்த ஏற்பாடும் இல்லை.

கொவிட் வந்த 2020 இல், வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பிய பணம் சுமார் 710 கோடி டொலர். அந்த வருடம்தான் வளைகுடாவில் வேலை இழந்து, விமானம் இல்லாமல், தூதரக வாசலில் படுத்தவர்களும் அவர்களே. 2022 இல் அந்தப் பணம் சுமார் 380 கோடி டொலராகக் குறைந்தபோதுதான் அவர்களின் பெறுமதி கொழும்புக்கு விளங்கியது. அப்போதும் வாக்குச்சீட்டுப் பற்றிய கதை வரவில்லை, டொலர் அனுப்புங்கள் என்ற கதைதான் வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் பணிப்பெண்ணாகப் போக முடியாது என்ற குடும்பப் பின்னணி அறிக்கை விதியையும் அந்த நெருக்கடியில்தான் இரண்டு வயதாக்கித் தளர்த்தினார்கள். அந்த அறிக்கையில் கையொப்பம் வாங்கப் பிரதேச செயலகத்தில் நிற்கும் பெண்களை நான் அறிவேன். என் வகுப்பில் உம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிக்கப் பட்டியல் தேவையில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு மூத்தம்மா வரும் பிள்ளைகள் அவர்கள்.

இந்த விடயத்தில் சாணக்கியனிடம் எனக்கு ஒரு குறை உண்டு, அது மாவட்டத்தின் எல்லா உறுப்பினர்களிடமும் உள்ள குறை. ஜனாஸாவுக்காக எழுந்த குரல் அளவுக்கு, மட்டக்களப்பின் தமிழ், முஸ்லிம் வீடுகள் இரண்டிலும் சரிசமமாகக் கிடக்கும் இந்தப் பிரச்சினைக்கு ஒரு குரல் எழவில்லை. தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் ஒரே முகவரிடம், ஒரே விமானத்தில் போகிறார்கள். இதற்கு ஒரு தனிநபர் சட்டமூலம் எழுத யாருக்கும் தடையில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஜனாஸாவுக்காகப் பேசிய அதே சாணக்கியன்தான் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரியும் பேசினார். கல்முனையில் நம்மவர்கள் அதை எதிர்க்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகு, முன்பு அவரைப் புகழ்ந்த அதே முகநூல் பக்கங்களில் சிலர் "இவனும் இனவாதிதான்" என்று எழுதினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு மனிதர் நமக்காக ஒரு நேரம் எழுந்து நின்றார் என்பதற்காக, அவர் தன் வாக்காளரின் வழக்கை விட்டுவிட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் இடையிலான எல்லைத் தகராற்றிலும் இதே கதைதான். அவர் அந்தப் பக்கத்து ஆளாகத்தான் பேசுவார். நாம் இந்தப் பக்கத்து ஆளாகத்தான் பேசுவோம். ஒரு வேலியைப் பற்றிச் சண்டை பிடிப்பவர்கள் ஒரு மையத்துக்காகச் சேர்ந்து நிற்கலாம் என்பதை 2021 பெப்ரவரியில் கண்ணால் கண்டோம்.

2024 நவம்பர் 14 இல் நடந்த பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் தேசிய மக்கள் சக்தி அலை அடித்தது, யாழ்ப்பாணம்கூட விழுந்தது. மட்டக்களப்பில் மட்டும் தமிழரசுக் கட்சி ஐந்தில் மூன்று ஆசனங்களை எடுத்தது. சாணக்கியன் திரும்ப வந்தார். முஸ்லிம் காங்கிரஸ் ஓர் ஆசனம் எடுத்தது, இம்முறை அது காத்தான்குடிக்கு வந்தது.

அந்தத் தேர்தலுக்கு முந்திய வாரம் இதே கேள்வியைக் கேட்ட பிள்ளை ஒருத்தி, பாடம் முடிந்தபின் மேசையருகே வந்து நின்றாள். "சேர், உம்மாக்கும் வோட் அட்டை வந்திருக்கு. உம்மா சவூதியில. அத மூத்தம்மா போடேலுமா?" ஏலாது என்றேன். ஒருவரின் வாக்கை இன்னொருவர் போடுவது குற்றம், அதைக் குடியியலிலேயே படித்தோம் என்றும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். "அப்ப அத என்ன செய்யிற சேர்?" என்றாள். வைத்திருங்கள் என்றேன். அடுத்த நாள் வந்து, மூத்தம்மா அதை உம்மாவின் கல்யாணப் புடவைக்குள் மடித்து அலுமாரியில் வைத்துவிட்டா, ஜனாதிபதித் தேர்தலுக்கு வந்த அட்டையும் அதற்குள்தான் இருக்கிறது என்றாள்.